அண்ணனின் முறைப்பு

என் அண்ணனுக்கு இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கோடு உண்டு. முறைக்கும்போது அது ஆழமாகும். முறைக்காதபோது அடுத்த முறைப்புக்காக அங்கேயே காத்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்பா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் கூலி வாங்கியவர். அண்ணனுக்கு மீசை முளைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் முறைக்கும் வேலையை அண்ணனும், சிரிக்க வைக்கும் வேலையை நானும் எடுத்துக்கொண்டோம். எனக்கு வாய்த்தது லேசான வேலை. அதையும் நான் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் ஷிஃப்ட் ஃபோர்மேன். நானும் அங்கேயே கான்ட்ராக்ட் ஆள். சேர்த்துவிட்டதும் அவர்தான். "என் தம்பிதான் சார். அதுக்காக வேலை செய்ய மாட்டான்னு நெனச்சுடாதீங்க" என்று மேனேஜரிடம் சொன்னார். பாராட்டா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஷிஃப்ட் தொடங்கும்போது எங்களை வரிசையாக நிற்க வைப்பார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, தாடைக்கும் ஹெல்மெட் வாருக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். வார் தொங்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் பேசமாட்டார். கோடு மட்டும் ஆழமாகும். கழுத்தில் வேர்க்கிறது, அரிக்கிறது என்று சாக்கு சொல்ல வாயெடுத்தவன் அந்தக் கோட்டைப் பார்த்ததும் மாட்டிக்கொள்வான். நான் மட்டும் தினமும் அவிழ்த்துவிட்டே நிற்பேன். "ண்ணா, உன் விரலு பட்டா எனக்குக் கூச்சமா கீதுண்ணா" என்பேன். மொத்த வரிசையும் சிரிக்கும். அவர் முறைப்பார். அன்றைய பொழுது நல்லபடி தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இத்தனை கறாரான மனிதர் ஆலையின் கேட்டைத் தாண்டியதும் என்ன செய்வார் தெரியுமா? மற்ற எல்லாரையும் போல ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு காற்றாடப் போவார். கேட்டுக்கு உள்ளே இருக்கும்வரை தலை கம்பெனியுடையது, வெளியே வந்தால் நம்முடையது என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். சாயங்காலம் தொழிற்பேட்டை ரோட்டில் நின்று பார்த்தால் மஞ்சள் ஹெல்மெட்டுகள் பூசணிக்காய் மாதிரி வண்டிகளில் தொங்கியபடி போகும். அவற்றுக்குள் டிபன் பாக்ஸ் இருக்கும், கீரைக்கட்டு இருக்கும். தலை மட்டும் இருக்காது.

லாரிகள் சிந்திவிட்டுப் போன மணல் ஒரு வளைவில் கிடந்தது. ஒருநாள் வீடு திரும்பும்போது அண்ணனின் வண்டி அதில் சறுக்கியது. அவர் நெற்றி ரோட்டில் மோதியது. ஹெல்மெட் ஹேண்டில்பாரிலேயே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டை முழுக்க ரத்தம். கூடி நின்றவர்கள் எனக்குத் தைரியம் சொன்னார்கள். "ஒண்ணும் பயப்படாத. ரத்தம் எல்லாம் வெளிய வந்துடுச்சு. உள்ள கட்டிக்கினாதான் பேஜாரு." ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் கொஞ்சம் அடிபட்ட மாதிரி இருக்கிறது, இப்போதைக்கு ஆபத்து இல்லை, ஆனால் சென்னைக்குப் போய் மூளை டாக்டரைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். "நடவடிக்கையில ஏதாவது மாறுதல் தெரிஞ்சா லேட் பண்ணாதீங்க" என்றும் சொன்னார்.

மாறுதல் என்றால் வலிப்பு வரும், வாந்தி வரும், மயங்கி விழுவார் என்றுதான் நினைத்தோம். கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தோம். எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒருநாள், தலைக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம், "இன்னாண்ணா, எங்க தலையெல்லாம் தடவிப் பார்ப்பியே, உன் தலைய ரோடு தடவிடுச்சு பாத்தியா?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. எனக்கும்தான்.

அன்று நான் கோப்பை வாங்கிய ஆள் மாதிரி நடந்தேன். டீக்கடையில் சொன்னேன், ஆலையில் சொன்னேன், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னேன். ஃபோர்மேன் சிரிக்கிறாராமே என்று ஆலையிலிருந்து ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். வந்தவர்களை எல்லாம் அவர் கிண்டலடித்தார். ஒருவரின் வழுக்கையை, இன்னொருவரின் மாமியாரை. "அடிபட்டதுல ஆளே தங்கமாயிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சென்னை டாக்டர் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. சிரிக்கிற மனுஷனை எதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது?

மகன் பிழைத்தால் வேப்பஞ்சேலை கட்டுவதாக அம்மா பெரியபாளையத்து ஆத்தாளுக்கு வேண்டியிருந்தாள். எல்லாரும் போனோம். அம்மா உடம்பு முழுக்க வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, கைகூப்பியபடி கோயிலைச் சுற்றி வந்தாள். அண்ணன் உரக்கச் சொன்னார்: "யம்மா, பாத்துப் போ. ஆடு வந்து துன்னுடப் போவுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவுக்கே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இருக்கட்டும் நைனா. நீ சிரிச்சா போதும். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் அம்மாவின் வேண்டுதலைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, உங்கண்ணன் எந்நேரமும் சிரிக்கிறாரு. ஆனா சந்தோஷமா இல்ல."

"இன்னா அண்ணி நீ? இத்தினி வருசமா சிரிக்காம வச்சிருந்ததை எல்லாம் மொத்தமா எடுத்து வுடறாரு. அனுபவிப்பியா!"

"வேப்பிலை வாசனை தெரியலையாம் அவருக்கு. அம்மாம் பெரிய கோயிலு, ஊரே வேப்பிலையா மணக்குது. 'எங்க கீது?'ன்றாரு. ஊட்டுல பால் பொங்கி வழிஞ்சு, தீஞ்சு, புகையா வருது. அடுப்புக்கு எதுருலயே உக்காந்து பாத்துக்கினு சிரிக்கிறாரு. குழாய்ல குடத்தை வச்சா நெறஞ்சு தெருவுக்கு ஓடுது. அதையும் பாத்து சிரிக்கிறாரு. நிறுத்தணும்னு தோண மாட்டேங்குது தம்பி."

நான் அதற்கும் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்பது மறந்துவிட்டது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதுதான் ஞாபகம் இருக்கிறது.

காயம் ஆறியதும் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். வரிசையில் நின்றோம். விரல் வரவில்லை. அவர் பாட்டுக்கு எங்களைத் தாண்டிப் போனார். நான் வாரை ஆட்டிக்கூடக் காட்டினேன். பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார்.

அந்த வாரமே அது நடந்தது. உருளைகளுக்கு நடுவே ஓடும் பழுக்கக் காய்ச்சிய கம்பி சில சமயம் தடம் மாறிவிடும். சீறிக்கொண்டு பாம்பு மாதிரி மேலே எழும். எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஃபோர்மேன் பக்கத்துத் தூணில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தி ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே அந்த பட்டனைத் தொடுவார். அன்று கம்பி எழும்பியது. எல்லாரும் சிதறி ஓடினோம். அண்ணன் பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்று, அந்தச் சிவந்த கம்பி வளையம் வளையமாகச் சுருண்டு விழுவதைப் பார்த்து, தீபாவளி பார்க்கும் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். வேறொருவர் பாய்ந்து வந்து அழுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆலையில் யாரும் சிரிக்காத முதல் ஜோக் அதுதான்.

டாக்டர் சர்டிஃபிகேட்டோடு வரட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் மகள், ஒன்றாவது படிப்பவள், அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். வாசல் கல்லில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அண்ணியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. என்னிடம்கூட வரவில்லை. நானும் சிரிக்கிற ஆள்தானே.

அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பவாச்சும் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவியா, இல்ல இதுக்கும் ஒரு ஜோக்கு வச்சிருக்கியா?"



புத்திசாலியான நான் உடனே களத்தில் இறங்கினேன். மூளை என்றால் நரம்பு, நரம்பு டாக்டர் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் மாதாமாதம் வந்து உட்காருபவர் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அண்ணனையும் அண்ணியையும் அங்கே கூட்டிப்போனேன். காத்திருந்தவர்கள் எல்லாருமே இளைஞர்கள், எல்லாருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உள்ளே போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆயிடுச்சா? பிரச்சினை எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டார். "வண்டிலேர்ந்து வுழுந்ததுலேர்ந்து சார்" என்றேன். அவர் அண்ணனின் இடுப்பைப் பார்த்தார். நான் அண்ணனின் நெற்றியைக் காட்டினேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் லாட்ஜே அதிர்ந்தது. வெளியே வந்ததும் அண்ணி திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். நர்சிங் ஹோமில் கொடுத்த ஸ்கேன் உறை அவர் கையில் இருந்தது.

அண்ணிதான் சென்னைக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்து விசாரித்து, மூளைக்கென்று இருக்கும் பிரிவைக் கண்டுபிடித்தார். டாக்டர் ஒரு பெண்மணி. படங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். புதிதாக ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். காப்பித்தூளையும் சோப்பையும் அண்ணனின் மூக்கருகே நீட்டினார். இரண்டும் ஒன்றுதான் என்றார் அண்ணன். பிறகு டாக்டர் மேஜையைத் தட்டி ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். "நான் ஒரு தடவை தட்டினா நீங்களும் தட்டணும். நான் ரெண்டு தடவை தட்டினா நீங்க சும்மா இருக்கணும்." அண்ணன் விதியைத் திருப்பிச் சரியாகச் சொன்னார். ஆட்டம் தொடங்கியது. டாக்டர் ஒன்று தட்டினாலும் அண்ணன் தட்டினார், இரண்டு தட்டினாலும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் தப்பு என்று அவருக்கே தெரிந்தது. "தட்டக் கூடாது இல்ல?" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். சிரித்தார்.  என் கையை நீட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றிருந்தது.

"முன்னாடி எப்படி இருப்பாரு?" என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்தது. "முறைப்பாரு மேடம்" என்றேன்.  மிச்சத்தை அண்ணி சொன்னார்.

டாக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "அவர் ஃபோர்மேன்னு சொன்னீங்க இல்ல? எல்லாருக்கும் இந்த இடத்துக்குப் பின்னாடி ஒரு ஃபோர்மேன் இருக்காரு. இதைச் செய், இதை நிறுத்து, இங்க சிரிக்காதேன்னு சொல்றது அவருதான். அடிபட்டது அவருக்கு. மோப்பத்துக்கான நரம்பும் அறுந்திருக்கலாம். சிரிக்கிறது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. அடி சிரிக்குது."

அண்ணி அழுதார். வீட்டில் ஒரு தடவைகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் கடைசியில் நம்பிவிட்டார் என்ற அழுகை அது.

"அந்த ஃபோர்மேன் எப்ப மேடம் வேலைக்குத் திரும்புவாரு?" என்று நான் கேட்டேன். ஜோக் இல்லை. எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா வரலாம். முழுசா வருவாருன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னும் முன்னாடி வந்திருந்தா பயிற்சிய அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

மாத்திரை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பழக்கம். வண்டி கூடாது, குடி கூடாது, இன்னொரு தடவை தலையில் அடிபடவே கூடாது, அடுப்பருகே தனியாக விடக் கூடாது. ஒரு சமயத்தில் ஒரே வேலை, தினமும் அதே நேரத்தில். அவர் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள், கோபமும் படாதீர்கள், இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள் என்றார். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். வைத்தியம் அண்ணனுக்கு, பத்தியம் எனக்கு.

அதற்குப் பிறகு நான் அண்ணன் முன்னால் ஜோக் சொல்வதை விட்டேன். பீடி விடுவதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. பயிற்சிக்காக சென்னைக்கு ரயிலில் போவோம். எதிரே உட்கார்ந்தவரின் காதைப் பார்த்து அண்ணன் சிரிப்பார். "இது சிரிக்கிற விஷயம் இல்லண்ணா" என்பேன், எனக்கும் அந்தக் காதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்றாலும். "அப்படியா?" என்பார். கொஞ்ச நேரம் யோசிப்பார். அந்த "அப்படியா" என்னை அறுக்கும். ஒரு விஷயம் சரியா தப்பா என்று அவர் என்னைக் கேட்பார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் அதைத்தான் பெரிய ஜோக் என்று சொல்லியிருப்பேன்.

மாதங்கள் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. அது போன இடத்தில் முறைப்பு வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நெற்றி வழவழவென்று இருந்தது. அடிபட்ட தழும்பு மட்டும் ஒரு பக்கமாக, புருவத்துக்கு மேலே. கொடுத்தால் சாப்பிடுவார். உட்கார் என்றால் உட்காருவார். மகள் அவர் பக்கத்தில் வந்து வீட்டுப்பாடம் எழுதும் அளவுக்குப் பயம் தெளிந்தாள். ஆனால் தப்பாக எழுதினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆலையில் வேறு ஃபோர்மேன் வந்துவிட்டார். நல்லவர்தான், சிரித்துப் பேசுவார். யார் தாடைக்கடியிலும் விரல் விடமாட்டார்.

அண்ணன் திரும்ப ஆலைக்குப் போகவே இல்லை. கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் சம்பளம் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு கொடுக்கவில்லை. அண்ணி பக்கத்துத் துணி கம்பெனிக்குத் தைக்கப் போனார். அம்மா மறுபடியும் பெரியபாளையத்துக்கு வேண்டிக்கொண்டாள். இந்தத் தடவை மகன் தன்னைத் திட்ட வேண்டும் என்று.

ஒரு சாயங்காலம். அண்ணனின் வண்டியை இப்போது நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் தலையில் இருந்தது. அண்ணனுக்கு அப்படி ஆன பிறகு நான் ஹேண்டில்பாரில் மாட்டியதில்லை. ஆனால் வார் மட்டும் பழைய வழக்கப்படி தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் குழாயடியில் குந்தி இருந்தார். குடம் நிறைவதைப் பார்த்து, கழுத்துக்கு வந்ததும் குழாயை மூடுவது, அதுதான் அவருக்குக் கொடுத்திருந்த பயிற்சி. பாதி நாள் மூடுவார், பாதி நாள் தெருவில் ஓடும். அண்ணி கதவோரம் நின்று, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகவே மூடட்டும், சொல்லக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

நான் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அதற்குக் கொஞ்சம் கீழே. எழுந்து வந்தார். ஈரமான விரலை என் தாடைக்கடியில் கொண்டுவந்தார். தொங்கிய வாரைத் தொட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? பத்தியம் எல்லாம் மறந்துபோனது. "ண்ணா, கூச்சமா கீதுண்ணா" என்றேன். 

அவர் சிரிக்கவில்லை. இரண்டு புருவமும் மெல்ல நெருங்கின. நடுவில் அந்தக் கோடு, முதலில் பென்சிலால் கிழித்த மாதிரி, பிறகு நன்றாக ஆழமாக.

"மாட்டுடா" என்றார்.

மாட்டினேன். கொக்கி ஓட்டையில் போய் விழ நேரமாயிற்று. அவர் அதுவரை நின்று முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் குடம் நிறைந்து, வழிந்து, தண்ணீர் எங்கள் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அண்ணன் குனிந்து பார்த்தார். கோடு மறைந்தது. ஓடும் தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

அண்ணியும் குழாயை மூட வரவில்லை. நானும் மூடவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அண்ணி கொடுத்த டீயை ஹெல்மெட்டோடு குடித்தேன். வார் கழுத்தில் வேர்த்தது, அரித்தது. கழற்ற மனம் வரவில்லை.